பலகைக்கு அடியில்

அன்புள்ள மருதையா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே.

போன வாரம் ஒரத்தநாட்டுப் பக்கம் உங்கள் காலனிக்குப் போனேன். நாம் கட்டிய வீடுகளில் ஒரு விரிசல்கூட இல்லை. கான்கிரீட் பலகைகளைத் தரையிலேயே வார்த்து, சுவர்மேல் ஏற்றி அடுக்கி, இரண்டு அங்குலம் கலவை ஊற்றிய தளம். சிமெண்டும் கம்பியும் மிச்சமாகும் என்று நான்தான் சொன்னேன்.

மிராசுதார்களோடு கூலித் தகராறு நடந்த வருஷம் அது. "எங்களுக்கு மட்டும் ஏன் மெல்லிசா போடுறீங்க?" என்று உன் ஜனங்கள் கேட்டார்கள். தளத்தின்மேல் நெல் மூட்டைகளை அடுக்கச் சொல்லிவிட்டு நீ அடியில் போய் உட்கார்ந்தாய். "கணக்குப் போட்டவன் நீதானே, உள்ள வாடா" என்று பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினாய்.

தளம் எவ்வளவு வளைகிறது என்று அளவு குறிக்க வேண்டும் எனச் சொல்லி நான் வெளியிலேயே நின்றேன்.

அதன்பிறகு நீ என்னோடு பேசவில்லை. உயிருக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். நீ அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதுவே கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

தளம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், மருதையா. எதிர் வரப்பில் எங்கள் மிராசுதார் பெரியப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருஷம் விடுதியில் உன்னோடு ஒரே பாயில் படுத்தவன்