வான்கோழிப் புத்தகத்தில் நான் வெட்டிய தாள்

முப்பத்தைந்து வயதிலும் எனக்குப் பாப்பாவாகவே இருந்த தங்கச்சி சுமதிக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கத்தான் முதலில் வாய் வருகிறது. பழக்கதோஷம். நாங்கள் இருக்கிறோம். உன் பெண்கள் இரண்டு பேரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியவள் தர்ஷினி இரண்டாம் வகுப்பு, சின்னவள் கனி எல்கேஜி. மாப்பிள்ளை உன் காரியம் முடிந்த கையோடு குவைத்துக்குத் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாரம் தவறாமல் போனில் வருகிறார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோய், சாப்ட்டீங்களா என்பதையே மூன்று தடவை கேட்கிறார்.

நான் களைத்துப்போயிருக்கிறேன் பாப்பா. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. கார்த்திகை மாதம் விருத்தாசலத்தில் பீங்கான் வியாபாரிக்கு எப்படி விடியும் என்று உனக்குத் தெரியும். அகல் விளக்கு சூளையில் பாதி, பெட்டியில் பாதி, லாரிக்காரன் வாசலில். இதற்கு நடுவில் காலையில் நாலு பின்னல். உன் அண்ணிக்குத் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. அதனால் பின்னல் என் வேலை. எவ்வளவு இறுக்கினாலும் பதினோரு மணிக்குள் அவிழ்ந்துவிடுகிறதாம். கனியின் மிஸ்தான் மறுபடி கட்டிவிடுகிறார்.

அந்த மிஸ்ஸிடமிருந்துதான் போன வாரம் ஒரு தகவல் வந்தது. அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்று ஒரு நாளாம். அறுவடை முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, நன்றி சொல்லிக்கொள்வார்களாம். அதை நம் எல்கேஜிப் பிள்ளைகளுக்கும் பழக்கப்போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் வந்து, அந்த நாளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வகுப்பில் வாசிக்க வேண்டும். முதலில் வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். கனிக்கு வெள்ளிக்கிழமை.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். "மிஸ், நான் எட்டாவதோட நின்ன ஆளு."

"பரவால்ல சார், படத்தக் காட்டி கதை சொன்னா போதும். புக்கு மட்டும் நல்லதா பாத்து எடுத்துக்கினு வாங்க."

நல்லதாகப் பார்த்து எடுப்பதுதானே என் தொழில்? பாண்டிச்சேரிக்கு விளக்கு இறக்கப் போனபோது, பழைய இங்கிலீஷ் புத்தகங்களை எடைக்கு விற்கிற கடை ஒன்றில் நுழைந்தேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஒவ்வொன்றாக எடு, திருப்பு, வெளிச்சத்தில் பிடி, விரிசல் இருந்தால் ஒதுக்கு. தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். கடைக்காரர் வந்து, "லைப்ரரி வைக்கறீங்களா சார்?" என்றார். "இல்லீங்க, எல்கேஜி படிக்கறேன்" என்றேன்.

நான்கு புத்தகத்தோடு வந்தேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "இன்னா இது, புள்ளைக்கு புக்கு வாங்குனீங்களா, டெண்டர் எடுத்தீங்களா?" என்றாள். அவள் சிரித்துக்கொள்ளட்டும். படப் புத்தகம் தேர்ந்தெடுப்பது அகல் விளக்கு தேர்ந்தெடுப்பதை விடக் கஷ்டம். விளக்கில் விரிசல் எங்கே என்று விரலால் தட்டினால் தெரிந்துவிடும்.

முதல் புத்தகத்தில் கப்பல். கப்பலில் வந்தவர்கள் பசியில் கிடக்க, அந்த மண்ணின் ஆட்கள் சோளம் கொடுத்து விதைக்கக் கற்றுத் தருகிறார்கள். எல்லாரும் சிரித்தபடி பந்தியில் உட்காருகிறார்கள். அத்தோடு கதை முடிந்தது. சாப்பிட்டவன் அப்புறம் அந்த மண்ணை என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை. நான் எட்டாவதுதான், ஆனாலும் இடத்தகராறு நிறையப் பார்த்தவன். மிச்சக் கதையை விட்டுவிட்டுச் சொல்கிற புத்தகம் நம் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒதுக்கினேன். அப்போது என்னைப் பற்றி நான் நினைக்கவில்லை.

இரண்டாவதில் ஒரு வான்கோழி, அன்றைய விருந்துக்குத் தன்னைச் சமைத்துவிடுவார்கள் என்று பயந்து ஓடி ஒளிகிறது. நல்ல தமாஷ்தான். ஆனால் கனி அதற்கப்புறம் கறிக்கடைப் பக்கம் வரமாட்டாள். மூன்றாவது, சூரியனுக்கு நன்றி, மழைக்கு நன்றி, செருப்புக்கு நன்றி. படிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்ததென்று பிள்ளைக்கு வாங்குகிற சாமான் அது.

நன்றி என்று வீட்டுக்குள் நாம் யாராவது சொல்லியிருக்கிறோமா பாப்பா? நான் சைக்கிளில் பீங்கான் பொம்மை கட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போன நாளில், ஆறாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மைக்கும் வைக்கோல் சுற்றிக் கொடுத்தவள் நீ. நான் சொன்னதெல்லாம், "சீக்கிரம் கட்டுடி, பஸ்ஸு கூட்டம் வந்துடும்" என்பதுதான். இப்போது நன்றி என்று எழுதினால், இன்னாண்ணா மூணாம் மனுஷன் மாதிரி என்று நீ சண்டைக்கு வருவாய். அதனால் எழுதவில்லை.

நான்காவது புத்தகம்தான் நல்ல சரக்கு. ஒரு சின்னப் பெண் அப்பாவோடு மேசையில் தட்டு வைக்கிறாள். காரில் மாமா வீட்டார் வந்து இறங்குகிறார்கள். மேசைக்கடியில் ஒரு நாய். தாத்தா உட்கார்ந்தபடியே தூங்குகிறார். பக்கத்துக்கு ஒரு வரி. புத்திமதி கிடையாது. நாய் வருகிற பக்கமெல்லாம் கனி சிரிப்பாள் என்று படிக்கும்போதே தெரிந்தது.

அதில் ஒரு தாள் இருந்தது. முன்பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா அடுப்பிலிருந்து வான்கோழியை எடுக்கிறாள். பின்பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுக்கிறாள். புத்தகம் முழுக்க அம்மா வருவது அந்த ஒரே தாளில்தான். கடைசிப் படத்தில் மேசையைச் சுற்றிக் கைகள் மட்டும்.

இப்போது உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ இல்லை என்பது கனிக்குத் தெரியாது. ஆடி மாதம் காய்ச்சல் என்று கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள், பதினோராம் நாள் ஆம்புலன்ஸில் வந்தாய். அன்றைக்குக் காலையிலேயே கனியை உன் அண்ணி பிறந்த ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்கு அனுப்பிவிட்டேன். தர்ஷினி எல்லாவற்றையும் பார்த்தாள். கனி திரும்பி வந்து அம்மா எங்கே என்று கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்காங்க, ஊசி போடறாங்க, வந்துடுவாங்க" என்றேன். ஒரு வாரம் சமாளித்தால் போதும் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது. உன் படத்தைக்கூட இன்னும் சுவரில் மாட்டவில்லை.

ஒரு பெட்டியில் ஒரு விளக்கு விரிசல் விட்டிருந்தால் என்ன செய்வோம்? அதை எடுத்துவிட்டு, பில்லில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் வைக்கோலை இறுக்குவோம். பெட்டி ஆடாது. குடோனில் அட்டைப்பெட்டி அறுக்கிற பிளேடு இருந்தது. தையலை ஒட்டி அந்தத் தாளை வெட்டி எடுத்தேன். எனக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை.

புதன்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு படித்தேன். நாய் வந்த இடத்திலெல்லாம் கனி சிரித்தாள். மாமா வீட்டுக் கார் வந்தது. அடுத்த பக்கம் புரட்டினால், மேசை நடுவில் வெந்த வான்கோழி.

"இதை யாரு செஞ்சா?" என்றாள் கனி.

"வூட்ல செஞ்சிருப்பாங்க."

"இந்தப் பாப்பாவோட அம்மா எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி சொன்னாள். "ஊருக்குப் போயிருக்காங்க. ஊசி போடறாங்க. வந்துடுவாங்க."

என் வார்த்தை, என் வரிசை, என் குரல். சொல்லிவிட்டு அவள் கனியைப் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்தாள். ஏழு வயசு.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் கடைக்குப் போனபிறகு கனி யாரிடம் கேட்டிருப்பாள்? அக்காவிடம்தானே? அம்மா அங்கே இட்லி சாப்பிடுகிறது, அங்கே மழை பெய்கிறது, நேற்று ஒரு ஊசி குறைத்துவிட்டார்கள் என்று தினம் ஒரு சேதி தர்ஷினி சொல்லிக்கொண்டிருந்தாளாம். உன் அண்ணிக்குத் தெரியும். "நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்கன்னு இருந்தேன்" என்றாள் பிறகு.

புத்தகத்தை மூடினேன். "கனி, மாமா சொன்னது பொய்யி. அம்மா வர மாட்டாங்க. செத்துப்போயிட்டாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வர மாட்டாங்க."

"அப்ப ஊசி போட்டாங்களே?"

"போட்டாங்க. சரியாவல."

"அழுதுச்சா?"

"தெரியலம்மா. மாமாவ உள்ள விடல."

கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் உன்மேல கோவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அத்தையிடம் போனாள். அங்கே போய்த்தான் அழுதாள். தர்ஷினி நகரவில்லை. "மாமா, இனிமே நான் சொல்ல வேணாமா?" என்றாள். வேணாம் என்றேன். என் மடியில் படுத்தாள். உன்னை எடுத்துக்கொண்டு போனபோதுகூட அழாத பிள்ளை, அரை மணி நேரம் அழுதாள்.

மேசை டிராயரில் வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். உன் அண்ணி டேப் போட்டு ஒட்டினாள். கோணலாக ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை கனி எனக்குத் தலையைக் கொடுக்கவில்லை. விரித்த தலையோடு வேனில் ஏறினாள். ஸ்கூலுக்கு மாமா வரவேண்டாம் என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினாள். வியாபாரத்தில் எத்தனையோ பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள், மறுநாள் வேறு ஆளைப் பிடித்திருக்கிறேன். இதற்கு வேறு ஆளுக்கு எங்கே போவது? அன்று முழுக்கச் சூளைப் பக்கமே நின்றேன். இரண்டு பெட்டிக்கு விலாசம் மாற்றி ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சீப்போடு வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "இறுக்கிக் கட்டு. அவுந்துடுது."

போனேன் பாப்பா. சின்ன நாற்காலியில் முட்டி மடங்காமல் உட்கார்ந்து, இருபது பிள்ளைகளுக்கு வாசித்தேன். வான்கோழியை ஒருத்தன், "மயிலு அங்கிள்" என்றான். "வேகவெச்ச மயிலு" என்றது இன்னொன்று. ஒரே சிரிப்பு. என் இங்கிலீஷுக்கு மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தாள் வந்தது. முதல் வரிசையில் ஒரு பெண், "ஏன் இதுல டேப்பு ஒட்டியிருக்குது?" என்று கேட்டாள்.

கனி எழுந்து நின்றாள். "எங்க மாமா கிழிச்சாரு. எங்கம்மா செத்துட்டாங்க இல்ல, அதுக்கு."

சத்தமாக, தெளிவாக, வீட்டு முகவரி சொல்கிற மாதிரி. பிள்ளைகள் சரி என்று தலையாட்டிவிட்டு, நாய் எங்கே என்று கேட்டார்கள். மிஸ்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

வண்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. "மாமா, நான் அம்மா வயித்துல இருந்தப்ப அம்மா எங்கிட்ட இன்னா பேசுச்சு?" என்று கேட்டாள்.

நீ என்ன பேசினாய் பாப்பா? பேசியிருப்பாய், நீ சும்மா இருக்கிறவள் இல்லை. கண்ணு, ராசாத்தி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது. "தெரியலம்மா" என்றேன்.

"அக்காவுக்கு?"

"அவளுக்கும் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும்."

"சரி" என்றாள். ரயில் போகிறவரைக்கும் இரண்டு பேரும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

முப்பது வருஷ வியாபாரத்தில் தெரியாது, இல்லை என்ற இரண்டு வார்த்தைகளை நான் யாரிடமும் சொன்னதில்லை. சரக்கே இல்லாவிட்டாலும், நாளைக்கு வருது என்றுதான் சொல்லுவேன். வந்தவர் போய்விடக்கூடாதே என்கிற பயம். கடையில் இனிமேலும் அப்படித்தான் சொல்லுவேன், அது பிழைப்பு. உன் பிள்ளைகளிடம் மட்டும் சொல்ல மாட்டேன் பாப்பா. அவர்கள் கேட்கிறபோது இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

தர்ஷினிக்கும் கனிக்கும் மாமன்,
உனக்கு எப்போதும்போல் அண்ணன்.