தோற்றவர்களின் வெள்ளிக்கிழமை

இயேசு மரி சூசை

காரைக்குடி
6-12-1969, சனிக்கிழமை

அன்பு மகள் ஞானபூரணிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். பசு சுகம். கன்றுக்கு மூன்று நாள் கழிச்சல், நின்றுவிட்டது. நீ சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்டிருக்கிறேன், கேட்டதும் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். இந்த முறை கேட்டுவிட்டு நிற்கிறேன்.

மழை போதாது. சாக்கோட்டைக் கண்மாய் பாதிதான் பெருகியது. கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வேலை தொடங்கியாயிற்று. போன வருடம் உடைந்த ஒட்டகத்துக்குக் கால் வைத்துவிட்டார்கள், மூன்று ராஜாக்களில் ஒருவரைக் காணவில்லை, தேடுகிறார்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் பதினேழாம் தேதி கல்கத்தாவிலிருந்து உன் கார்டு கிடைத்தது. அனாட்டமியில் பெயிலாகிவிட்டேன், ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம், கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று மூன்று வரி. நான் பதிலை உறையில் போட்டு ஒட்டினேன். திருச்சியில் உன் மாமா வீட்டில் விடுமுறையைக் கழித்துவிடு, படிக்க அமைதியாக இருக்கும், இங்கே கூட்டம் என்று எழுதினேன். கூட்டம் என்றது நானும் உன் அம்மாவும். நீ சரி என்று ஒரு சொல் எழுதினாய். அப்புறம் கடிதம் இல்லை.

இந்த மூன்று வாரமும் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தெருவில் யார் கேட்டாலும் பூரணிக்குப் பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை என்றேன். மளிகைக் கடையில் சொன்னேன். பூசை முடிந்து வெளியே வந்து சாமியாரிடமே சொன்னேன். எல்லோரும் வந்துரும் சார், வந்துரும் என்றார்கள். கல்கத்தாவில் எல்லாமே தாமதம்தான் என்று ஒருவர் ஆறுதலும் சொன்னார். நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு மென்மையானவர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் பிரார்த்தனைக்குப் பிறகு ஐந்து நிமிடம் நான் பேசுவது உனக்குத் தெரியும், நீயும் அந்த வரிசையில் நின்று கேட்டவள். பதினோரு வருடமாக அதே பேச்சு. ஃபாரடே, கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். லிங்கன், செனட் தேர்தலில் தோற்றவர். மேரி கியூரி, பெண் என்பதால் சொந்த நாட்டில் பல்கலைக்கழகத்தில் சேர முடியாமல், யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லிப் பிழைத்தவர். ஆளுக்கு நாலு நிமிடம் தோல்வி, கடைசி ஒரு நிமிடம் புகழ். ஜூன் மாதம் சாக்கோட்டை வீரணன் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். அவர் மகள் பொன்னுத்தாயி ஒன்பதாம் வகுப்பு பாஸ். வெள்ளிக்கிழமைப் பேச்சை அப்படியே வீட்டில் போய் ஒப்பிக்கிற பிள்ளை. வீரணன் கையைக் கட்டிக்கொண்டு, சார், நீக சொன்ன அம்புட்டு ஆளும் ஒருக்காவாச்சும் தோத்திருக்காக, எம்புள்ள ஒண்ணாப்புலருந்து பாசாயிக்கிட்டேதான் வருது, ஒரு வருசம் பெயில் போட்டு விடுங்க, பின்னால நல்லா வந்துரும் என்றார். தோல்வியால் யாரும் பெரியவராவதில்லை, தோற்றும் ஆனார்கள் என்று விளக்கினேன். அப்ப எதுக்கு சார் வாராவாரம் அதையே சொல்றீக என்று கேட்டார். மணி அடித்தது. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி இரண்டு நாள் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே வீரணன் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு மூட்டை வேர்க்கடலை. இறக்கி வைத்துவிட்டு, நம்ம பூரணி பெயிலாயிருச்சாம்ல சார், தபால்காரர் சோணைமுத்து சொன்னாரு, கார்டுல எழுதியிருந்துச்சாம், ஊரெல்லாம் பேச்சு, எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுச்சு, கொடுத்து வச்ச ஆளு சார் நீக என்றார். முகத்தைப் பார்த்தேன். கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நம்ம கழுதையும்தான் இருக்கே, கால்பரீட்சைலயும் பாசாயிருச்சு என்று வருத்தத்தோடு சொன்னார். அதாவது, முடிவு வரவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் உன் கார்டைப் பற்றி எனக்கு முன்பே அறிந்தவர்கள்.

அவர் போன பிறகு உன் அம்மா கடலையை முறத்தில் கொட்டினாள். ஊரு உலகத்துல தோத்தவுகளை எல்லாம் வருசக்கணக்கா வரிசையில நிறுத்திக் கும்பிட்டீக, பெத்த புள்ள ஒரு பாடத்துல தோத்துச்சுன்னதும் திருச்சிக்குப் பத்தி விட்டுட்டீக என்றாள். பிறகு கடலை நல்ல பருமன் என்றாள். நான் தின்பதற்கு உட்கார்ந்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. ராமானுஜன் முறை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனதும் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார் என்பது வரலாறு. இதை ஒவ்வொரு வருடமும் ஒரு வரியில் தாண்டிவிடுவேன், ஐந்து நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர வேண்டுமே. நேற்று அந்த வரியில் நின்றுவிட்டேன். அந்த வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்கள், யார் கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார்கள், அந்தப் பையனுக்குப் பின்னால் என்ன ஆகும் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது, நமக்குத்தான் தெரியும் என்றேன். அதற்குள் மணி. தலைமையாசிரியர் அழகுசுந்தரம் பின்னாலேயே வந்து, என்ன சார், மனுசனை விசாகப்பட்டினத்துலயே விட்டுட்டீக, பெரிய ஆளானதைச் சொல்லலையே என்றார். நேரமில்லை என்றேன். பிறகு, என் மகள் பெயிலாகிவிட்டாள் சார், முடிவு வந்துவிட்டது என்றேன். தெரியும் சார் என்றார்.

ஆகவே நவம்பரில் நான் உறையில் போட்டு எழுதியதைக் கிழித்துவிடு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா. மெட்ராஸ் மெயிலில் ஏறு, சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் போய் வண்டி மாறு. வழியில் வால்டேர் வரும், விசாகப்பட்டினம் அதுதான். காப்பி குடிக்க இறங்கினால் மறக்காமல் ஏறிவிடு. ஸ்டேஷனில் நான் நிற்பேன். நேர்த் தெருவழியாகவே நடந்து வருவோம். வீரணன் இருபத்தாறாம் தேதி பொன்னுத்தாயியைக் கூட்டி வருகிறாராம், உன்னைக் காட்ட. அவளிடம் என்ன சொல்வதென்று நீ யோசித்துக்கொள், எனக்கு எதுவும் தோன்றவில்லை. அனாட்டமிப் புத்தகம் கனம் என்றால் அங்கேயே விட்டுவிட்டு வா, கனமில்லை என்றால் கொண்டு வா. அம்மா எழுதச் சொன்னது: பெரிய ஆளாகுறது பிறகு, முதல்ல வந்து சாப்பிடட்டும்.

தேவமாதா உன்னை எந்த ஊரிலும், எந்த வண்டியிலும் காக்கட்டும். எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, தேர்வு முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

எந்த நாள், எந்த வண்டி என்று உடனே எழுது. கார்டிலேயே எழுது. சோணைமுத்து படிக்கட்டும்.

உன் அப்பா,
அருளானந்தம்