எங்கள் டயருக்கு எத்தனை வயது

பிப்ரவரி 24, செவ்வாய்

என் புருஷன் ஓரின் இன்றைக்கும் விடிந்தும் விடியாததுமாகக் காற்றளக்கும் கருவியோடு வெளியே போய்விட்டான். வெயில் பட்டால் டயர் சூடாகி, கருவி பொய் சொல்லுமாம். போகிற போக்கில் அடுப்பில் காபி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

எங்கள் வீட்டு வண்டியின் ஆறு டயருக்கும் வெள்ளை உறை மாட்டியிருக்கிறான். தைத்தது நான். யூமா பாலைவன வெயிலில் ரப்பர் வறண்டு போகக் கூடாதாம். என் மூக்கு தோலுரிந்து தொங்குகிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் தம்பி வெண்டெல் போன் செய்தான். எழுபத்தொரு வயதில் அவனுக்குக் கல்யாணம்! ஏப்ரல் பதினெட்டு, வடக்கே ஐடஹோவில். "அக்கா, நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நீ வரலேன்னா தேதியத் தள்ளி வெச்சிடுவேன்" என்றான். "இந்த வயசுல தள்ளி வைக்கிற வேலையெல்லாம் வேணாம்டா, வந்துடறேன்" என்றேன். எங்களுக்கு வேறு வீடும் இல்லை, வேறு வண்டியும் இல்லை. வீட்டை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கினோம். மலையேறி இதில்தான் போக வேண்டும்.

பிப்ரவரி 27

லாரிகளை எடை போடும் இடத்துக்கு வண்டியைக் கொண்டு போனான். தண்ணீர் நிரப்பி, டீசல் நிரப்பி, சட்டி பானையோடு எடை பார்த்தால்தான் எவ்வளவு காற்று அடிப்பது என்று தெரியுமாம். சரி என்று இறங்கப் போனேன். "நீ எங்க எறங்கற? உன்னோட சேத்துத்தான் எடை" என்றான். ஆம்பளை பேசுகிற பேச்சா இது?

வலது பக்கம் கனமாம். என் தையல் மிஷினாம், என் பீச் பழ ஜாடிகளாம். அவன் சேர்த்து வைத்திருக்கும் இரும்புச் சாமான் பெட்டி இடது பக்கம்தான் இருக்கிறது, அதற்கு மட்டும் எடையே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 3

பக்கத்து இடத்து மேவிஸ் வழக்கம்போல் சாயங்காலம் மடக்கு நாற்காலியும் கோப்பையுமாக எங்கள் நிழலுக்கு வந்தாள். தன்னந்தனியாக ஒரு பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். எங்களைப் போல் வண்டியில் குடியிருப்பவர்கள் கூடியிருக்கும் இந்த முகாமே அவள் வாய்க்குப் பயப்படும். வலது முன்டயர் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தன வயசு?" என்றாள்.

ஓரின் நெஞ்சை நிமிர்த்தினான். "பட்டன் தேயவே இல்ல, பாரு! வித்தவன் மாத்தி ரெண்டு வருஷந்தான் ஆச்சுன்னு சொன்னான்."

"பட்டனப் பாத்து டயர் வாங்கறதும் பல்லப் பாத்து மாப்ள பாக்கறதும் ஒண்ணு. ஓடாம நின்னாலும் ரப்பர் கெழடாகும்யா. போன வருஷம் எனக்கு முன்டயர் வெடிச்சுதே, ஸ்டியரிங் என் பேச்சக் கேட்டுதா? நேரா கீரை வயலுக்குள்ள கொண்டு போய் நிறுத்துச்சு. மேல பொறந்த தேதி போட்டிருப்பான், படி."

அந்தத் தேதி டயரின் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஓரின் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, மண்ணில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டான். வயிறு மட்டும் வெளியே நின்றது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு!" முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். 2022-ல் இருபத்தொன்றாவது வாரம். நாலு வயசு கூட ஆகவில்லை.

மேவிஸ் கோப்பையைக் காலி செய்தாள். ஓரினுக்கு இன்றைக்குத் தூக்கம் வராது, சந்தோஷத்தில்.

மார்ச் 6

என் புருஷன் இப்போது புரொபசர். முகாமில் ஒரு வண்டி விடாமல் படுத்துப் பார்த்துத் தேதி சொல்கிறான். முதுகுப் பக்கம் சட்டையெல்லாம் மண். சனிக்கிழமை பதினாலாம் தேதி, எல்லோரும் சமைத்து எடுத்து வரும் விருந்துக்கு முன்னால், டயர் பராமரிப்பு பற்றி வகுப்பு எடுக்கிறானாம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவன், ஒரு பிள்ளை கூட அவன் சொன்னதை இப்படி வாய் பிளந்து கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ரிட்டையர் ஆனதிலிருந்து அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

மார்ச் 11, புதன்

தண்ணீர்க் குழாய் சரி செய்ய வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினோம். ஓரின் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். நான் உறையை மாட்டக் குனிந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பியே நிறுத்தியிருந்ததால் டயரின் உள்பக்கம் தெரிந்தது. சக்கரம் பாதிச் சுற்று சுற்றியிருக்கிறது, கீழே இருந்த எண் மேலே வந்துவிட்டது.

2212.

மறுபடி படித்தேன். 2212. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். 2012-ல் இருபத்திரண்டாவது வாரம்.

அடப்பாவி! இவன் தலைகீழாகப் படித்திருக்கிறான். சதுரம் சதுரமாக அச்சடித்த எண்கள் — ரெண்டைக் கவிழ்த்தாலும் ரெண்டு, ஒன்றைக் கவிழ்த்தாலும் ஒன்று. நாலு வயதுப் பிள்ளை என்று கொஞ்சிக்கொண்டிருந்தது பதினாலு வயதுக் கிழம். இதை வைத்துக்கொண்டா மலையேறப் போகிறோம்? வெடித்தால்? முன்டயர் வேறு.

சொல்லணும். ஆனால் சனிக்கிழமை வகுப்பு. எப்படிச் சொல்றது அவன்கிட்ட?

மார்ச் 12

சொன்னேன்.

"எண்ணு எப்பிடி மாறும் வெல்மா? நீதான் தலகீழாப் படிச்சிருக்க."

"நான் நின்னுக்கிட்டு படிச்சேன். நீ படுத்துக்கிட்டு படிச்ச. யாருக்குத் தலகீழு?"

"நீ நின்ன, டயர் தலகீழா நின்னுச்சு!"

சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. கடைசியில் கத்திவிட்டேன். வெண்டெல் கல்யாணத்துக்கு நான் உயிரோட போகணும்னு. "அப்போ பஸ் பிடிச்சுப் போ" என்றான். சொன்ன உடனே அவன் முகம் மாறிவிட்டது, ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் விடவில்லை. கதவைச் சாத்தினேன். இந்த வண்டியில் கதவைச் சாத்தினாலும் பக்கத்து அறை மூணு அடி தள்ளித்தான் இருக்கிறது.

மார்ச் 13

செய்தி பரவிவிட்டது. நான் மேவிஸிடம் மட்டும்தான் சொன்னேன். அதாவது முகாமிடம் சொன்னேன்.

காலையிலிருந்து ஆள் ஆளாக வந்து எண்ணைப் பார்க்கிறார்கள். சிலர் நின்று பார்த்துப் பன்னிரண்டு என்கிறார்கள், சிலர் காலுக்கு நடுவே தலையை விட்டுக் குனிந்து இருபத்திரண்டு என்கிறார்கள். இரண்டு கட்சி ஆகிவிட்டது. பின்வரிசைக் கிழவர் ஒருவர் போட்டோ எடுத்து, போனைத் திருப்பித் திருப்பி, "ரெண்டுமே சரிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஓரினும் நானும் உப்பைக் கூடக் கேட்காமல் சாப்பிட்டோம்.

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வகுப்புக்குக் கூட்டமான கூட்டம். டயர் பராமரிப்புக்காக யாரும் வரவில்லை, சண்டை பார்க்க வந்தார்கள். பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் மேசையில் ஆறிக்கொண்டிருக்கின்றன. ஓரின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். காற்று, எடை, உறை எல்லாம் சொன்னான். நன்றாகவே சொன்னான். பிறகு டயரின் வயது பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"புரொபசர், உங்க டயருக்கு வயசு என்ன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவன் மண்டையில் குழம்புச் சட்டியைக் கவிழ்க்கலாம் போலிருந்தது எனக்கு. ஓரின் தப்பே செய்திருந்தாலும் என் புருஷனைப் பார்த்து இவர்கள் யார் சிரிப்பதற்கு?

ஓரின் வண்டிக்குள் போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு திரும்பி வந்தான் — என்னுடைய பிரஷ்! டயருக்கு முன்னால் மண்டி போட்டான். எண்ணுக்கு முன்னால் எப்போதும் மூன்று எழுத்து இருக்குமாம், எங்கள் டயரில் அதன் மேல் தார் அப்பியிருந்தது. தேய்த்தான், துடைத்தான், தேய்த்தான். எழுத்து தெரிந்தது. நிமிர்ந்து நின்றது. எண் எப்படி நிற்கிறது என்பதில் இனி சந்தேகமே இல்லை.

"2212," என்று அவனே சத்தமாகப் படித்தான். "2012-ல இருபத்திரண்டாவது வாரம். நான் தலகீழாப் படிச்சேன். என் பெண்டாட்டி நேராப் படிச்சா, நான் ஒத்துக்கல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உங்க வண்டிக்கெல்லாம் நாந்தான் படிச்சுச் சொன்னேன். எல்லாரும் போய் மறுபடி பாருங்க" என்றான்.

ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு பிரஷ்ஷைத் தேடி ஓடினார்கள். சாப்பாடு முழுக்க ஆறிப்போய்விட்டது. மேவிஸ் மட்டும் நின்று, "அவ பிரஷ்ஷுக்குப் பதிலா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுய்யா" என்றாள்.

மார்ச் 17

டயர் கடை. நாங்கள் மெதுவாக, ஓரமாக, விளக்கைச் சிமிட்டிக்கொண்டே போனோம். பின்டயர்களும் அதே வயதுதான்.

கடைக்காரர் இது அது என்று கம்பெனிப் பெயர்களாகச் சொல்ல ஆரம்பித்தார். ஓரின் எடை போட்ட சீட்டை நீட்டி, "இந்தக் கனத்தத் தாங்கணும், இந்த வருஷம் பொறந்திருக்கணும். பேரு எதா இருந்தாலும் சரி" என்றான். அதோடு தேதி வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னான்.

கழற்றிய வலது முன்டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். உள்வயிறு முழுக்கக் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. ஓரின் அதையே பார்த்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் சீட்டு இதுக்கு நேர் மேலதான் இருக்கு," என்றான்.

"தெரியும்."

"ரெண்டு வருஷமா உன்ன இது மேல உக்கார வெச்சு ஓட்டியிருக்கேன். அந்தப் பஸ் பிடிச்சுப் போன்னு சொன்னது... அது பேச்சில்ல, வெல்மா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபமெல்லாம் எங்கே போச்சோ.

ஏப்ரல் 2

கிளம்பியாயிற்று. வண்டி வெண்ணெயில் ஓடுவது போல் ஓடுகிறது. பீச் ஜாடிகளில் பாதியை இடது பக்கம் மாற்றினேன்.

ஏப்ரல் 18, சனி

கல்யாணம். வெண்டெல் நரைத்த தலைக்கு எண்ணெய் பூசி மாப்பிள்ளையாக நின்றான். மணப்பெண் ஓபல் அவனை விட உயரம். சடங்குக்கு முன் இருவரும் எங்களைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போய்க் காட்டினார்கள்: தேனிலவுக்கென்று வாங்கிய பழைய வண்டி. "டயரெல்லாம் புதுசு அத்தான், பட்டனப் பாருங்க" என்றான் வெண்டெல்.

ஓரின் கோட்டைக் கழற்றி ஓபலிடம் கொடுத்தான். புல்லில் படுத்துத் தலையை உள்ளே விட்டான். சர்ச்சுக்குள் வாத்தியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பாதிரியார் வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தார். ஓரின் எழுந்து வந்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம்.

அவன் என்னைப் பார்த்தான். "நான் என்ன படிச்சேன்னு சொல்ல மாட்டேன். நீ வந்து படி வெல்மா."

நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இப்படிக் கேட்கிறான். நீலப் பட்டுக் கவுனோடு புல்லில் படுத்தேன். முட்டி முனகியது. படித்துவிட்டு வந்து அவன் காதில் சொன்னேன். அவனும் என் காதில் சொன்னான்.

இரண்டு பேரும் ஒன்றைத்தான் படித்திருந்தோம். தேனிலவு திங்கட்கிழமை டயர் கடையில் ஆரம்பிக்கிறது.