ஆறு திருகாணிகளும் ஒரு கையொப்பமும்

9.3.1981, திங்கள்
இன்று கொழுந்து மிகுதி. என் தேயிலை நிரையைக் கத்தரியால் வெட்டி முடித்தபின், கங்காணியாருக்கு ஒரு கடிதம் வரைந்து கொடுத்தேன். லயன் வீடுகளில் எவருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடமே வருகிறார்கள். பள்ளிக்கூடம் காணாத கை இது.

21.3.1981
இத எழுதுறது பாஞ்சாலை புருஷன் இருளப்பன். அவ சொல்றா, நான் எழுதுறேன். "மலைச்சரிவில் வழுக்கி வீழ்ந்தமையால் என் வலக்கை முறிவுற்றது" – சறுக்கி விழுந்துட்டா, அவ்வளவுதான். ஈப்போ ஆஸ்பத்திரியில எலும்பு மேல தகடு வச்சு ஆறு ஸ்குரு முடுக்கியிருக்காங்க. நான் எழுதுறத பாத்து மொறைக்கிறா. போதும்.

2.4.1981
இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் உள்ளது; ஆயினும் என் கணவரின் தமிழைவிட மேல்.
அறுவைக்கு முன் சம்மதத் தாளில் கையொப்பம் கேட்டார்கள். வலக்கையைத் தூக்க இயலவில்லை. தாதி மைப்பெட்டியைத் திறந்து, என் இடக்கைப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினாள்.
"எனக்கு எழுதத் தெரியும்" என்றேன்.
"பரவால்லம்மா, எஸ்டேட்டு ஆளுங்க எல்லாரும் இப்படித்தான்."
எல்லாரும்! காயம் ஆறுகிறது. இது ஆறவில்லை.

17.4.1981
மூன்று மாதம் கத்தரியைத் தொடலாகாது என்பது மருத்துவர் கட்டளை. அதுவரை பிள்ளைக் கொட்டகையில் தொட்டில் ஆட்டச் சொல்கிறார் தோட்டத்துக் கணக்கர் கிராணி. மறுத்துவிட்டேன். என் நிரையில் இப்போது அம்சவல்லி.
"அக்கா, ஒங்க நிரைய எப்படி வச்சிருக்கேன் பாத்தீங்களா? நீங்க வெட்டுனப்போ மேடும் பள்ளமுமா கெடந்துச்சுலா!"
மேடும் பள்ளமுமா? என் நிரையா?

20.4.1981
அரை நாள் வெட்டினேன். வலி பொறுக்கத்தக்கதே.

24.4.1981
தையலருகே, தோலுக்கடியில் மிளகளவு ஒரு மேடு. தொட்டால் உயிர் போகுது. ஏன் இப்படிச் செஞ்சேன்?

29.4.1981
மீண்டும் ஈப்போ. படத்தில் தெளிவாகத் தெரிந்தது: ஐந்து திருகாணிகள் தத்தம் இடத்தில், ஒன்று மட்டும் வெளியே தலைநீட்டுகிறது.
"எலும்பு கூடுற வரைக்கும்தாம்மா அந்த ஸ்குரு தாங்கணும். அதுக்குள்ள நீங்க அத ஆட்டிட்டீங்க" என்றாள் தாதி. அதைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தடித்த ஒன்றைப் பொருத்துவார்களாம். விரல்கள் மடங்கவில்லை. இனி எழுதுமா இக்கை என்று மருத்துவரைக் கேட்டேன். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.
மறுபடியும் மைப்பெட்டி. இம்முறை நானே விரலை நீட்டினேன். பிழை என்னுடையது.

6.7.1981
பிள்ளைக் கொட்டகை. பதினொரு குழந்தைகள். ஒரு கால் தொட்டிலை ஆட்ட, மடியில் சிலேட்டு. வலக்கையால் 'அ' மட்டும் எழுதினேன், சுழி வந்தது.

13.7.1981
'ஞ' வந்துவிட்டது!

15.2.1982
அம்சவல்லி தன் அண்ணனுக்குக் கடிதம் கேட்டாள். இரண்டு பக்கம், வலக்கையால். நிரையைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். "நீயே வச்சுக்கடி. சமமாத்தான் வெட்டுற" என்றேன். கொட்டகையைவிட்டு வர எனக்கு விருப்பமில்லை.

8.11.1982, ஈப்போ
எலும்பு முற்றாகக் கூடிவிட்டது. தகட்டையும் திருகாணிகளையும் நாளைக் காலை அகற்றுவார்கள். சம்மதத் தாள் வந்தது. புதிய தாதி, என் சேலையைப் பார்த்தவுடன் மைப்பெட்டியைத் திறந்தாள்.
எழுதுகோல் கேட்டேன். 'தங்கையா மகள் பாஞ்சாலை' என்று ஓர் எழுத்தும் குறையாமல் எழுதினேன்.
"போதும் புள்ள, கடுதாசியா எழுதுற?" என்றார் இவர்.
கீழே தேதியும் இட்டேன். பிறகு மைப்பெட்டியை மூடி, தாதியின் பக்கம் நகர்த்தி வைத்தேன்.