நான்கு மாடி, நான்கு கதவு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம், என் வலது உள்ளங்கை மட்டும் சற்று நலக்குறைவு. பயப்படாதே, தோல்தான் உரிந்திருக்கிறது, எலும்பும் நரம்பும் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. கட்டுப் போட்ட கையால் பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், எழுத்து படிக்கும்படி இருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். அங்கே குளிர் எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் அறை ஜன்னல் கொக்கியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? அடுப்படியிலிருந்து உன் அம்மா, "முதல்ல கை விஷயத்தைச் சொல்லி முடிங்க, புள்ள அங்க பதறிக்கிட்டு இருப்பா" என்கிறாள். சொல்லிவிடுகிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு வருடா வருடம் நடக்கும் சோதனை உனக்குத் தெரியும். சுருட்டிய தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் நான்கு மாடியையும் இரண்டு நிமிடம் பதினைந்து செகண்டுக்குள் ஏற வேண்டும். இருபது வயதானாலும் ஐம்பத்தேழு ஆனாலும் ஒரே கணக்குதான். இந்த வருடம் தேறாவிட்டால் மாடி ஏறுவதையே விட்டுவிடுவேன் என்று போன கடிதத்தில் உனக்கு எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதனால் ஒரு மாதமாக விடைத்தாள்களைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். உன் தங்கை கீழே கடிகாரத்தோடு நிற்பாள். "பரண் மேல இருக்கிற பெட்டியை எடுத்துத் தரச் சொன்னா முட்டி வலிக்குதுங்கறீங்க, இதுக்கு மட்டும் முட்டி எங்க போச்சு" என்று உன் அம்மா கேட்டாள். நான் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சோதனை நாளன்று எட்டுப் பேர் ஏறினோம், நான் கடைசி. மற்ற ஏழு பேரும் பையன்கள், பந்து மாதிரி குதித்து ஏறினார்கள், சைக்கிள் கடைக்காரனை நாங்கள் மின்னல் என்றுதான் கூப்பிடுவோம், அவன் ஒன்றரை நிமிடத்தில் மேலே போய்க் கையாட்டினான். நானும் நன்றாகத்தான் ஏறினேன், மேலே போய்ச் சேர்ந்தபோது தேறிவிட்டேன் என்றே நினைத்தேன். இறங்கி வந்தால் இரண்டு நிமிடம் இருபத்து நான்கு செகண்ட். ஒன்பது செகண்ட் எங்கே போனது என்று எனக்குப் புரியவே இல்லை. உன் தங்கைதான் என் காதோரம் வந்து சொன்னாள், "அப்பா, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு கதவைத் தொட்டுப் பார்த்தீங்க" என்று. நான் நின்றதே எனக்குத் தெரியாது. அந்தக் கோபுரத்துக் கதவுகள் வெறும் தகரம், பின்னால் அறையும் இல்லை நெருப்பும் இல்லை. ஆனால் பட்டாளத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம் எங்கள் சாமான் கிடங்கு எரிந்தபோது என் பக்கத்துக் கட்டில்காரன் மூடிக் கிடந்த கதவைச் சட்டென்று இழுத்துத் திறந்தான், உள்ளேயிருந்த தீ அவன் முகத்தில் அடித்தது. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அதற்கப்புறம் அவன் கண்ணாடியில் முகம் பார்த்து நான் கண்டதில்லை. அன்றிலிருந்து மூடிய கதவு எதுவானாலும் என் புறங்கை தானாக அதன்மேல் போய்விடுகிறது, சூடு இருக்கிறதா என்று பார்க்க. தலைமையாசிரியர் அறைக் கதவைக்கூட அப்படித்தான் தொடுகிறேன், அங்கே அதற்குக் காரணம் உண்டு.

சோதனை எடுத்த நிலைய அதிகாரி என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். மெதுவாக அருகில் வந்து, "சார், என் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடும், ஒன்பது செகண்டைக் கழிச்சுக்கலாம்" என்றான். "உன் கடிகாரமா? தினமும் ரெண்டாவது பீரியடுக்கு வந்தவன் நீ, அது வேகமா ஓடுச்சுன்னா நான் நம்பணுமா? இருக்கறதை எழுதுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டே எழுதக் குனிந்தான்.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. இதற்கு மேல் எழுத மாட்டேன் என்று உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள், நான் வற்புறுத்தி எழுத வைக்கிறேன். காய்ச்சலில் ஒரு வருடம் படுத்து ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், கடையில் விலை கேட்கக்கூட விரலை நீட்டிக் காட்டுபவள், அத்தனை பேர் நடுவில், "பன்னெண்டாம் பக்கம் பாருங்க" என்றாள். என் கண்ணுக்கு எட்டட்டும் என்று நிலையத்து விதிப் புத்தகம் முழுவதையும் பெரிய எழுத்தில் எனக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தவள் அவள்தானே, எங்களில் ஒருவர்கூடப் படிக்காத புத்தகத்தை அவள் எழுதியே படித்திருக்கிறாள். அதிகாரி புத்தகத்தைத் திறந்தான். ஒவ்வொரு தளத்திலும் கதவைச் சோதிக்காமல் கடந்தவர் தேறாதவராகக் கருதப்படுவார் என்று இருந்தது. அப்பாவைக் காப்பாற்றலாம் என்று பாவம் அவள் நினைத்தாள். ஆனால் எனக்கோ நேரம் போதவில்லை, மற்றவர்கள் யாரும் கதவைத் தொடவில்லை, ஆக மொத்தம் எட்டுப் பேரும் ஃபெயில்! மின்னல் தலையில் கை வைத்துக்கொண்டு, "பாப்பா, நீ யாரு பக்கம்னு சொல்லிட்டுப் பேசக் கூடாதா" என்றான். இரண்டு வாரம் கழித்து எல்லோருக்கும் மறு சோதனை என்று ஆனது.

பள்ளிக்கூடம் வரை செய்தி போய்விட்டது. மறுநாள் வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "சார், ஒன்பது செகண்டை நாலு மாடிக்கு வகுத்தா ஒரு மாடிக்கு எவ்வளவு சார்" என்று கேட்டது. இரண்டேகால் என்று மொத்த வகுப்பும் கத்தியது. பின்னம் இவர்களுக்கு ஏறவே ஏறாது என்று நான் கவலைப்பட்டது வீண்.

மறு சோதனை நேற்று காலை நடந்தது. இந்த முறை எல்லோரும் கதவைத் தொட்டுத் தொட்டு ஏறினார்கள், ஏழு பேரும் தேறினார்கள். நானும் தொட்டுக்கொண்டே வேகமாக ஏறினேன், மூன்றாவது மாடி வரை கணக்கு என் பக்கம்தான். நான்காவது மாடித் திருப்பத்தில் குழாய் தோளிலிருந்து வழுக்கியது, விழவிடாமல் இறுக்கிப் பிடித்தேன், உள்ளங்கைத் தோல் அதோடு போய்விட்டது. இரண்டு நிமிடம் பதினேழு செகண்ட். அதிகாரி தலை நிமிராமலே எழுதினான், எழுதிவிட்டு எனக்கு சல்யூட் வைத்தான். இரண்டு செகண்டு, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை திரும்பி அந்தக் கோபுரத்தைப் பார்த்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. திங்கட்கிழமை மாலையிலிருந்து நிலையத்துத் தொலைபேசி மேசை எனக்கு. அங்கே உட்கார நல்ல நாற்காலி இருக்கிறது, உன் அம்மா அதற்குத் தலையணை தைத்துக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது வருடம் ஏறியாயிற்று, இனி எந்த வீடு, எத்தனையாவது மாடி என்று போன் செய்கிறவர்களிடம் கேட்டு ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வேன்.

ஆக, நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். இனி உன் முறை. நீங்கள் ஏறுவதை நிறுத்தினால் அடுத்த மாதமே லீவு போட்டு வந்து ஒரு மாதம் முழுக்க உங்களோடு இருப்பேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "மகளைப் பார்க்கணும்னு மனுஷன் வேணும்னே ரெண்டு செகண்டைத் தொலைச்சுட்டு வந்திருக்கார்" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுத்தப் பொய், குழாய் வழுக்கியது நிஜம். ஆனால் யாராவது கேட்டால் நான் மறுத்துச் சொல்வதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீண்ட ஆயுளோடும் சிரித்த முகத்தோடும் இரு. டிக்கெட் எடுத்த அன்றே தேதியை எழுது, நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா