கிராணி ஓடக் கூடாது

சனி, 7

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக் காலுறை காயவே இல்லை, அடுப்புப் பக்கம் தொங்குகிறது. சமையலில் ஒரு மணம் கூடுதல்.

செய்ய வேண்டியவை: கணக்குப் பாடம் (செய்யப் போவதில்லை). கோழித் தீனி (ஆச்சு). நாய்க்குட்டிக்கு ஊசி, தானா ராத்தா டவுனில், அப்பாவோடு.

குட்டிக்கு மூன்று மாதம். பெயர் கிராணி. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஐயா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். இவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால். பெயர் வைத்தது நான். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, "கிராணி, தூங்குனது போதும், எழுந்திருடா!" என்று கத்துவேன். வரிசையே குலுங்கும்.

மாலை. ஊசி போடவில்லை. டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழாயை வைத்து எடுக்கவே இல்லை. வைத்த இடத்திலேயே வைத்திருந்தார்.

"இதயத்துல சத்தம் கேக்குது. சில குட்டிங்களுக்குத் தானா போயிரும். இது கொஞ்சம் பெரிய சத்தம். ஈப்போவுல ஸ்கேன் எடுத்துப் பாருங்க. ரொம்பத் தூங்குதா?"

அப்பா சிரித்தார். "தூக்கமா? அதுக்குப் பேரே..." என்னைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"சோம்பேறித்தனம் இல்லைங்க. களைப்பு."

திரும்பும்போது லோரியில் அவனை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஞாயிறு, 8

பனிமூட்டம். எதிர்மலையைக் காணோம்.

போன வாரம் அவன் தூங்கும்போது காதருகே பிஸ்கட் டின் மூடியைத் தட்டி வீடியோ எடுத்தேன். துள்ளி விழுந்தான். வகுப்புக் குழுவில் ஏகப்பட்ட சிரிப்பு முகங்கள். இன்று அழித்தேன். மற்றவர்கள் போனில் இருப்பதை என்ன செய்வது?

அம்மாவிடம் சொன்னேன்: உங்களுக்கு வாயில முணுமுணுப்பு, இவனுக்கு நெஞ்சுல. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அம்மா: "ரொம்ப ஒட்டாதடி. அது போயிட்டா உன்னை யாரு பாக்குறது?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே லா."

தலை வாரிய சீப்பாலேயே ஒன்று விழுந்தது.

கிராணிக்கு ஆகாதவை: ஓட்டம். படிக்கட்டு. கோழி. திடீர்ச் சத்தம். நான்.

டாக்டரம்மா கொடுத்த வீட்டுப்பாடம்: தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். முப்பதைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். இன்று 28. 26. 29. கணக்கில் இவ்வளவு கவனமாக நான் இருந்ததே கிடையாது.

திங்கள், 9

சரித்திர வகுப்பில் தூங்கிவிட்டேன். பாடம் நடத்திய சிக்கு மேசையைத் தட்டினார். துள்ளி விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சரி. எனக்கு வேண்டியதுதான்.

பள்ளி விட்டதும் ஆபீஸ். புதன்கிழமை எஸ்டேட் வேன் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகும். பட்டியலில் பெயர் எழுதுவது கிராணி ஐயா. வேறு வழி இல்லை.

"யாரு போறது?"

"நானும் நாயும், ஐயா."

"ஆளுங்களுக்கே இடமில்ல. நாயாம்."

"மடியிலயே வச்சுக்குவேன். ஒண்ணுக்குப் போனாலும் என் மேலதான்."

பேனாவைத் திறந்தார். "பேரு?"

"தேன்மொழி."

"உன் பேரு எனக்குத் தெரியாதா? நாய் பேரு."

தகரக் கூரையில் மழை. நுழைந்துகொள்ளத் தரையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"கிராணி, ஐயா."

"தெரியும். என் ஜன்னலு பெரட்டுத் திடலைப் பாத்துத்தான் இருக்கு. உன் வாயால சொல்றியான்னு பாத்தேன்." எழுதினார். "எனக்குச் சக்கரை வியாதி. மாத்திரை போட்டா கண்ணு சொக்கிரும். அதுக்கு என்ன வியாதி?"

"நெஞ்சுல. இன்னும் சரியாத் தெரியல, ஐயா."

"ம். இனிமே கத்துனா கொஞ்சம் மெதுவாக் கத்து."

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மூச்சு 29.

புதன், 11

பள்ளிக்கு மட்டம். வளைவுக்கு வளைவு வாந்தி, முதலில் அவன், பிறகு நான். பக்கத்து சீட்டு அக்கா பிளாஸ்டிக் பை நீட்டினார். "ரெண்டு பேரும் இதுலயே எடுங்க லா."

ஸ்கேன் அறை இருட்டு. நெஞ்சில் ஒரு பக்கம் மயிரை மழித்தார்கள். திரையில் ஏதோ திறந்து மூடி, திறந்து மூடி. ஒரு வால்வு குறுகலாம். தானாகப் போகாது. காலையும் மாலையும் மாத்திரை. எத்தனை வருஷம் என்று இப்போதே சொல்ல முடியாது. ஓட விடாதீர்கள்.

வேடிக்கையாக ஏதாவது கேட்க நினைத்தேன். மாத்திரை வேளையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றுமே விசாரிக்கவில்லை. சோறு போட்டார். நான் பாதி சாப்பிட்ட பிறகு, "மாத்திரை சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

வெள்ளி, 13

மழை. மாத்திரையைச் சார்டினுக்குள் ஒளித்தேன். மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை என் கால்மேல் துப்பினான். ஏமாற்றுவதில் எனக்கு அண்ணன்.

மூச்சு 27. எனக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறது.

சனி, 14

வெயில், ஒரு வழியாக.

கயிறு கழன்றுவிட்டது. கிராணி தேயிலை நிரைக்குள் பாய்ந்தான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. காது இரண்டும் பின்னால் பறக்க. பார்க்க நன்றாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கீழேயிருந்து கொழுந்து மூட்டையோடு அம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். "பிடிடி அவனை!"

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் விளையாட்டு என்று இன்னும் ஓடுவான். துரத்தினாலும் அப்படித்தான். அதனால் சேற்றில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கிவிட்டு அவரும் நின்ற இடத்தில் உட்கார்ந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. நிரைக்கு ஒரு பைத்தியமாக இரண்டு பேர்.

எவ்வளவு நேரமோ தெரியாது. முழங்கையில் ஈர மூக்கு.

மடியில் போட்டேன். விலா எலும்பு ஏறி இறங்கியது. அம்மா மேலே வந்து என் பையிலிருந்த போனை எடுத்து நேரம் பார்த்தார். "எண்ணு."

62.

"மறுபடி எண்ணு."

48. தலையை என் தொடையில் சாய்த்துவிட்டான்.

"ம்."

37. தூங்கிவிட்டான். அம்மா என் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். கீழே கொழுந்து நிறுக்க ஆட்கள் வரிசை பிடிக்கும் சத்தம். அம்மா எழுந்திருக்கவில்லை.

31.

"இன்னொரு தடவை எண்ணுடி."