பெயருக்குக் கீழே ஒரு வருடம்

அன்புள்ள லோர்னா,

இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படியில் பார்த்து ஏறு. எனக்கு ஒரு குறையும் இல்லை. சிசிலியில் வெயில்தான் கொஞ்சம் அதிகம்.

நான் கூட்டிவந்திருக்கும் பழைய மாணவர்கள் முப்பது பேரும் கழுத்தில் பெயர் அட்டையோடு திரிகிறார்கள். பெயருக்குக் கீழே, நம் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த வருடம். அதைப் பார்த்துத்தான் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் அங்கே படித்தவனா என்ன? இருபத்தாறு வருடம் பாடம் எடுத்தவன்தானே! என் அட்டையில் பெயர் மட்டும். முதல் நாளே ஒரு மகராசி பெட்டியை என்னிடம் நீட்டி, "பஸ்ல ஏத்திடுப்பா" என்றாள். ஏற்றினேன்.

நேற்று சிராகூசா கல்குவாரியில் நின்று, ஏதென்ஸ் கைதிகள் அங்கே வாடிச் செத்த கதையைச் சொன்னேன். முடித்ததும் கிரெய்க் என்ற வக்கீல், 1989, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புரொஃபசர், என் பொண்ணு செப்டம்பர்ல சேர்றா. உங்க கிளாஸ்லதான் உட்காரணும்னு சொல்லிட்டேன்."

எங்கள் வரலாற்றுத் துறையை இந்த மே மாதத்தோடு மூடுவதைப் பற்றி இவர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்பது பல்கலைக்கழகம் எங்களோடு அனுப்பிய பிரிஜிட்டின் உத்தரவு. அவள் பக்கத்திலேயே நின்றாள். "தாராளமா வரட்டும்" என்று சிரித்துவைத்தேன்.

"நல்லா சமாளிச்சீங்க" என்று பிறகு முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

என் அறையிலிருக்கும் புத்தகப் பெட்டிகளை நீ தூக்காதே, நான் வந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே இரு.

பஸ் கிளம்புகிறது. இனி என் பெயருக்குக் கீழேயும் ஒரு வருடம் போடலாம், லோர்னா. என்னை வெளியே அனுப்பிய வருடம்.

எம்மெட்